கேட்காமல் எழுதிய பதில்

மார்ச் 6

தங்கச்சிக்கு,

உன் அலுவலகம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது. நான் சொல்லாத பதிலை என் பதில் என்று பதிந்துகொண்டது. அரசாங்கத்தின் எந்த அமைப்பின் மீதும் எனக்குத் துளி நம்பிக்கையும் இல்லையாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று வருடங்களாக நமக்குள் பேச்சில்லை என்பது நினைவிருக்கிறது. இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. தேசியக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இயக்குநருக்கு ஒரு குடிமகன் எழுதுகிறான். அந்த இயக்குநர் எனக்குத் தங்கையாகப் பிறந்தது என் குற்றம் இல்லை. போன் செய்திருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லியே ஆளை முடித்துவிடுவாய். எழுத்தில் இருக்கட்டும்.

நடந்தது இது. போன மாதம் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு டேப்லெட்டுமாக ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண். உன் அண்ணி மின்விசிறியைப் போட்டு உட்கார வைத்தாள். "ஐயா, மக்களுக்கு அரசாங்க அமைப்புகள் மேல எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு கணக்கெடுக்கிறோம். நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டாள்.

என்னிடம் வந்து இப்படிக் கேட்கலாமா? சொன்னேன். தபால் நிலையத்தில் முதியவர்களுக்கான ஜன்னலை எப்போதும் மூடியே வைத்திருப்பதைச் சொன்னேன். வானிலை மையம் மழை எச்சரிக்கையை மழை நின்ற பிறகு பலகையில் எழுதியதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் இறந்த பிறகும் வாக்காளர் பட்டியலில் உயிரோடு இருந்ததைச் சொன்னேன். ரயில்வே, குடிநீர், நீதிமன்றம், ஒன்றையும் விடவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில் டேப்லெட்டைத் திருப்பி, "முடிஞ்சுது ஐயா, பாருங்க" என்றாள். எட்டு அமைப்புகள். எட்டுக்கும் நேராக, "சிறிதும் இல்லை" என்ற கட்டத்தில் எட்டு சிவப்புப் புள்ளிகள்.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்னதுதான் ஐயா."

"நான் எப்போ சொன்னேன்?"

"இவ்வளவு நேரம் திட்டினீங்களே ஐயா!"

சமையலறையிலிருந்து உன் அண்ணி சிரித்தது எனக்குக் கேட்டது. மாற்றச் சொன்னேன். அனுப்பியாகிவிட்டது, அனுப்பியதை மாற்ற முடியாது என்றாள்.

திருத்த வேண்டும். திருத்தியதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

அண்ணன்

———

மார்ச் 19

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு எழுதியிருந்ததால் அலுவலகக் காகிதத்திலேயே பதில் எழுதுகிறேன்.

உங்கள் பதிலைத் திருத்த முடியாது. முதலில், எது உங்கள் பதில் என்றே எனக்குத் தெரியாது. பதில்கள் வந்த அன்றே பெயரையும் முகவரியையும் வேறு ஒரு பிரிவு பிரித்து எடுத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழி என் கையிலும் இல்லை, தனியாக வேறு யார் கையிலும் இல்லை. அமைச்சரே வந்து நின்று "என் வீட்டுப் பதிலைக் காட்டு" என்றாலும் காட்ட முடியாது. தெரிந்திருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். ஒருவருக்காக ஒரு புள்ளியை நகர்த்தினால் அப்புறம் அது கணக்கெடுப்பே இல்லை.

இரண்டாவது, அறிக்கை போன வாரமே வெளியாகிவிட்டது. பார்த்திருப்பீர்கள். நம்பிக்கையில் உங்கள் ஊர் நாட்டிலேயே கடைசி. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆளாக ஒரு ஊரைக் கடைசிக்குத் தள்ளும் அளவுக்கு நீங்கள் பெரிய ஆள் இல்லை.

இயக்குநர் எழுத வேண்டியது முடிந்தது. இனி தங்கை.

அந்தப் பெண் அப்படி நினைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்த நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உங்களுக்கு எந்த அலுவலகம் பிடித்தது? லிஃப்ட் ஆய்வாளராக இருக்கும் உங்கள் சொந்த மாப்பிள்ளை, என் கணவர், மாடி ஏறி மோட்டார் அறையைப் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார் என்று மேலிடத்துக்கு மனு எழுதியவர் நீங்கள். விசாரணையை நான் குறை சொல்லவில்லை. அவர் ஏறவில்லை என்பது உண்மை. அவருடைய சம்பள உயர்வை நிறுத்தியதும் நியாயம். ஆனால் வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அப்புறம் எழுதியிருக்கலாம். தபாலில் வந்த விசாரணை நோட்டீஸில் உங்கள் பெயரை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தார், அண்ணா. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

தங்கை

———

மார்ச் 27

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சந்தோஷமும் வந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கூடப்பிறந்த அண்ணனின் பதிலைக்கூட உன்னால் தேடி எடுக்க முடியாது. அப்படி ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஒருவர் கையிலும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். நல்ல வேலை. அந்தப் பூட்டை யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்லிவிட்டு என் பதிலைத் திருத்து.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லிஃப்ட் வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லிஃப்ட் பள்ளத்தில் உதிரி பாகத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அரசாங்க விதிப் புத்தகங்களைப் படித்தேன். அதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இயக்குநர் அம்மா கேட்டுக்கொள்ளட்டும். லிஃப்டுக்குள் நுழைகிறவர்கள் யாரும் மேலே அண்ணாந்து இரும்பு வடத்தைப் பார்ப்பதில்லை. பொத்தானை அழுத்துகிறார்கள், போகிறார்கள். எங்கோ ஒருவன் அந்த வடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்திருப்பான் என்ற தைரியம் அது. அந்த ஒருவனாக நாற்பது வருடம் நான் இருந்தேன். வடத்தைத் தட்டிப் பார்த்து, "இது சரியில்லை, மாத்து" என்று கத்துகிறவனுக்கு லிஃப்டின் மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதுவாயா? நம்பிக்கை இல்லாதவன் படியில் ஏறிப் போய்விடுவான், தங்கச்சி. அவன் உன்னிடம் வந்து எதுவும் சொல்ல மாட்டான்.

தபால் நிலையத்துக்கு எழுதினேன். இப்போது அந்த ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள். வானிலை மையத்துக்கு எழுதினேன். நன்றி சொல்லி ஒரு அதிகாரி கையெழுத்திட்டுப் பதில் போட்டார். எச்சரிக்கையை இப்போது விடியும்போதே எழுதிவைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரை முறைப்படி பட்டியலிலிருந்து எடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவன் எழுதிய கடிதத்தை எங்கோ ஒரு மேசையில் ஒருவர் பிரித்துப் படித்து, எழுந்து போய் ஒரு காரியத்தைச் செய்கிறார். இதைவிட அதிசயம் ஒரு நாட்டில் என்ன இருக்கிறது? கடிதம் எழுதுகிறவன் அதை நம்பித்தான் எழுதுகிறான். இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நான் ஒருவன் ஊரைக் கடைசிக்குத் தள்ள முடியாது என்றாய். அதனால் தெருவில் விசாரித்தேன். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் யாருக்கும் அந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார்: "எனக்கும் இதே கதைதான் அண்ணே. தபால்காரரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். மொத்த நாடே வேணாம்னு சொன்னதா போட்டுட்டாங்க." எங்கள் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். அடையாள அட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் நிறுத்திக் குறை சொல்லுவோம். குறையைக் கேட்டார்கள், நம்பிக்கை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணையே பஸ் நிறுத்தத்தில் பார்த்துக் கேட்டேன். பயந்துவிட்டாள். பயிற்சியில் மேற்பார்வையாளர் சொன்னாராம்: "எட்டு கேள்வியையும் அஞ்சு அஞ்சு பதிலோட வாசிச்சா பெரியவங்களுக்குப் பொறுமை போயிடும். பேச விடுங்க. பேச்சுலேயே தெரிஞ்சிடும், நீங்களே போட்டுக்கலாம்." நல்லெண்ணத்தில் சொன்னதாகத்தான் தெரிகிறது. அந்தப் பெண்மேல் கை வைக்காதே. நான் பேசியதை முழுவதும் உட்கார்ந்து கேட்டவள் அவள். இந்த வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் கிடையாது.

எங்கள் ஊருக்கு வரவேண்டிய குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் இப்போது முதலிடம் வாங்கிய ஆற்றங்கரை ஊருக்குப் போகிறதாம். அமைச்சர் மேடையில் சொல்லிவிட்டார். நம்பாத ஊருக்கு எதற்குப் பரிசோதனைக் கூடம் என்று கேட்டாராம். எங்களுக்கு இப்போது "நம்பாத ஊர்" என்று பெயர்.

ஆகவே என் பதிலை மட்டும் திருத்தினால் போதாது.

அண்ணன்

உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டதைச் சொன்னேன். திரும்பவும் படித்துக் காட்டச் சொன்னாள்.

———

ஏப்ரல் 4

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வியை ஒரு வார்த்தை மாறாமல் வாசிக்க வேண்டும், பதிலை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியை இந்த அலுவலகத்தில் எழுதியவளே நான்தான். நானும் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள். அதனால் எழுதினேன்.

நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் ஒரு ஊரோடு இது நிற்காது. அந்த மேற்பார்வையாளர் பல மாவட்டங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

உங்கள் கடிதத்தை முறையான புகாராகப் பதிவு செய்துவிட்டேன். புகார் கொடுத்தவர் என் அண்ணன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் விசாரணையிலிருந்து நான் விலகிக்கொள்ள வேண்டும், விலகிவிட்டேன். துணை இயக்குநர் நடத்துகிறார். கண்டிப்பான மனிதர். அவர் சிரித்து இந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் இரண்டு கடிதங்களும், இடையில் நான் எழுதியதும் அவருடைய கோப்பில் இருக்கின்றன. ஆக, மாப்பிள்ளை மாடி ஏறாததும் அண்ணியின் முழங்காலும் இப்போது அரசு ஆவணங்கள். கோப்பை வாங்கியவர், "முழங்கால் விஷயம் புகாரில் சேருமா மேடம்?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். அதன் பிறகு புள்ளியியல் ஆணையத்துக்குத் தலைவராக என்னைப் போடுவதாகப் பேச்சு இருக்கிறது. அமைச்சர் மேடையில் எடுத்துப் பேசிய அறிக்கை இது. இது தப்பு என்று ஆனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. வேறு யார் மூலமாகவோ கேள்விப்பட்டு நீங்கள் நொந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இனி அலுவலக முகவரிக்கு எழுதாதீர்கள். எழுதினால் எல்லாமே கோப்புக்குப் போகும். வீட்டு முகவரி தெரியுமல்லவா? மறந்திருந்தால் அண்ணியைக் கேளுங்கள்.

தங்கை

———

ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

வீட்டு முகவரி மறக்கவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புகாரை நான் திரும்பப் பெற மாட்டேன். உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. "அன்னிக்கு மாப்பிள்ளை. இன்னிக்குத் தங்கச்சி. அடுத்து யாரு, நானா?" என்று கேட்டாள். "உன்மேல புகார் வாங்கிக்க எந்த ஆபீஸும் இல்லையே" என்றேன். அதிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது, தட்டு கொஞ்சம் சத்தமாக விழுகிறது.

உன் துணை இயக்குநர் அனுப்பி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார். டீ வேண்டாம் என்றார்கள். தண்ணீர்கூட அவர்கள் பையிலிருந்தே எடுத்துக் குடித்தார்கள். நான் இயக்குநரின் அண்ணன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "தெரியும் ஐயா. அது எங்க கேள்வியில இல்லை" என்றார் கேட்டவர். நான் சொன்னது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயிலில் குடைகூட இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு பெருமை வந்தது. யாருடைய பிள்ளைகளோ, எந்த ஊர்க்காரர்களோ. ஒரு கிழவன் எழுதினான் என்று இவ்வளவு தூரம் வந்து கதவு கதவாகத் தட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் நேரே சொல்லியிருக்கலாம் என்று எழுதினாய். ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். வந்திருந்தால் அவர் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். நீ காபி கொண்டு வந்திருப்பாய். அவர் அந்தப் பழைய ஸ்கூட்டர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். அதற்குப் பிறகு என்னால் மனு எழுதியிருக்க முடியாது. அவர் ஏறாமலே கையெழுத்துப் போட்ட கட்டடத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது, தங்கச்சி. நடக்க முடியாதவர்கள்தான் அந்த லிஃப்டில் ஏறுவார்கள். அதனால் வரவில்லை. நான் செய்தது சரி. இன்றும் அப்படியே செய்வேன். ஆனால் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி இந்தச் சில வாரங்களாகச் சாப்பிடும்போதெல்லாம் வருகிறது.

ஆணையத் தலைவர் பதவி போனால் என்ன செய்வாய்? எனக்கு எழுது.

அண்ணன்

———

மே 16

அண்ணா,

விசாரணை முடிந்தது. நீங்கள் எழுதியது உண்மை. நீங்கள் எழுதாததும் ஒன்று வெளியே வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

துணை இயக்குநர் உங்கள் ஊரோடு நிற்கவில்லை. முதலிடம் வாங்கிய ஆற்றங்கரை ஊருக்கும் ஆட்களை அனுப்பினார். அங்கேயும் அதே மேற்பார்வையாளரின் பயிற்சிதான். அங்கேயும் கேள்வியை யாரும் வாசிக்கவில்லை. "ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "என்னத்தச் சொல்றது? எல்லாம் நல்லாத்தான் இருக்கு." உடனே எட்டுக்கும் "முழு நம்பிக்கை" என்று போட்டுவிட்டார்கள்.

இந்த முறை போனவர்கள் உட்கார்ந்து முறைப்படி கேட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா சொன்னாராம்: "சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? குழாயில வர்ற தண்ணி நாத்தம் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாங்க யார்கிட்டேயும் சொல்லல. யாரு கேக்கப்போறாங்க?" ஒரு தெருவில்கூட ஒருவரும் ஒரு மனு எழுதியதில்லை. நாட்டிலேயே நம்பிக்கை மிகுந்த ஊர் என்று நாங்கள் படம் போட்டு அச்சடித்த ஊர் அது. வாய் திறப்பதையே விட்டுவிட்ட ஊர்.

துணை இயக்குநர் அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். "உட்காருங்கள்" என்றேன். உட்காரவில்லை. "மேடம், உங்க அண்ணன் லிஃப்டைப் பத்தி எழுதினதை நான் இணைப்புல சேர்த்திருக்கேன். விதிப்படி தேவையில்லை. ஆனா தேவைப்பட்டுது" என்றார். அவர் விதிக்கு வெளியே ஒரு காரியம் செய்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

அமைச்சகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அடுத்த வருட அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாமே என்றார். பணிவாகத்தான் கேட்டார். முடியாது என்று நானும் பணிவாகச் சொன்னேன். அதற்கு மேல் கட்டளையிட அவருக்கு வழியில்லை. வெளியிடுவதும் திரும்பப் பெறுவதும் இந்த அலுவலகத்தின் முடிவு மட்டுமே என்று சட்டத்தில் இருக்கிறது. நமக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்த ஒரு வரி, அண்ணா. அன்றைக்கு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நேற்று நிருபர்களைக் கூப்பிட்டேன். "நாங்கள் கேட்காத கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறோம். அந்த அறிக்கையை முழுவதும் திரும்பப் பெறுகிறோம். மறுபடி கேட்போம்" என்று வாசித்தேன். ஒரு நிருபர், "அப்போ உங்க அலுவலகத்தையே மக்கள் எப்படி நம்புவாங்க மேடம்?" என்று கேட்டார்.

"நம்பறதும் நம்பாததும் அவங்க இஷ்டம். எங்க தப்பை நாங்களே சொல்றது எங்க வேலை" என்றேன்.

அறைக்குத் திரும்பி வந்தபோது வராந்தாவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தட்டச்சுப் பிரிவு, கணினிப் பிரிவு, டிரைவர்கள், எல்லாரும்.  நான் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஆணையத் தலைவர் பதவி வராது. இன்று காலை மறைமுகமாகச் சொல்லிவிட்டார்கள். வருத்தம் இல்லை என்றால் அது பொய். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கதவைத் திறந்து, "உங்க அண்ணன் இந்த வீட்ல ஒருத்தரையும் விட்டு வைக்கலை போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்று வருடத்தில் உங்கள் பேச்சை எடுத்து அவர் சிரித்தது இன்றுதான். உங்கள் ஏப்ரல் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். ஸ்கூட்டர் கதை உங்களுக்கு நினைவிருந்ததில் அவருக்கு ஒரே பெருமை. அந்த மருத்துவமனை வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் மோட்டார் அறை வரை ஏறுகிறார். முதுகு வலி என்று முனகிக்கொண்டே ஏறுகிறார்.

அந்தப் பெண்ணுக்கு வேலை போகாது. மேற்பார்வையாளர் மேல் நடவடிக்கை உண்டு.

தங்கை

———

ஜூன் 19

தங்கச்சிக்கு,

நீ நிருபர்களிடம் பேசியதை உன் படத்தோடு பத்திரிகையிலிருந்து வெட்டிக் கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையில் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அதன் அடியில் "நம்புகிற ஊர்" என்று எழுதியிருக்கிறார். அது மிகை, எடு என்றேன். "உங்க தங்கச்சி படத்தை நீங்க எடுக்கச் சொல்றீங்களா?" என்றார். இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். அந்த வழியாகக் கொஞ்சம் அடிக்கடி போகிறேன்.

மறு கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. முன்பு போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகிறார்கள். அதே பெண்தான் வந்தாள். அவளோடு கூட வந்த ஒருவர் மூலையில் உட்கார்ந்து, அவள் கேட்கும் முறையை மட்டும் கவனித்தார். அவள் முதல் கேள்வியை வாசித்தாள், ஐந்து பதில்களையும் வாசித்தாள். நான் சொன்னேன். இரண்டாவதையும் அப்படியே வாசித்தாள். மூன்றாவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "புரியுதும்மா, மேல போ" என்றேன். "இல்லைங்க ஐயா, முழுசா வாசிச்சுத்தான் ஆகணும்" என்றாள். உன் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, நான் வாய் மூடியிருப்பதை வேடிக்கை பார்த்தாள். எட்டையும் முழுவதும் வாசித்தாள் அந்தப் பெண். அந்த மேற்பார்வையாளர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரியவர்களுக்குப் பொறுமை போகத்தான் செய்கிறது. போகட்டும்.

ஒரு அமைப்புக்கு மட்டும் குறைத்துச் சொன்னேன். எது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது என் ரகசியம், உன் சட்டம்.

ஆணையத் தலைவர் பதவியைப் பற்றி நான் யாருக்கும் மனு எழுதவில்லை. எழுதத் தோன்றியது. நீ என் தங்கை என்பதால் எழுத எனக்கு உரிமை இல்லை என்று நானே விலகிக்கொண்டேன். இந்த விலகல் எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ அதை ஏப்ரலிலேயே செய்துவிட்டு, முழங்காலைப் பற்றி வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்தாய். உன்னை நான் சின்னப் பெண் என்றே நினைத்திருந்தேன். அந்த அலுவலகத்தை எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். யார் செய்ய வேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். ஆள் குறிக்காத வேலை நடக்காது.

துணை இயக்குநர், மறு கணக்கெடுப்பின் முடிவை வந்தது வந்தபடி வெளியிட வேண்டும். எங்கள் ஊர் திரும்பவும் கடைசியில் வந்தாலும் சரி, அவருடைய சொந்த ஊர் வந்தாலும் சரி. இடையில் ஒரு முறை சிரித்தால் விதி மீறல் ஆகாது.

மேற்பார்வையாளர், தண்டனை முடிந்த பிறகு பயிற்சி வகுப்பில் நின்று தான் செய்ததையும் அதனால் ஆனதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவரைவிட நன்றாக அந்தப் பாடத்தை யாரும் நடத்த முடியாது.

அமைச்சர், பரிசோதனைக் கூடத்தைத் தண்ணீர் கெட்ட இடத்தில் வைக்க வேண்டும். அது ஆற்றங்கரை ஊர் என்றால் அங்கேயே வைக்கட்டும். எங்கள் ஊரில் தெருத் தெருவாகப் பேசி இதற்குச் சம்மதம் வாங்கிவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரை ஊரில் யாராவது ஒருவர் முதல் மனுவை எழுத வேண்டும். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்ன அம்மாவே எழுதினால் நல்லது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் பஸ் ஏறி வருகிறேன். எழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று மட்டும் நான் சொல்வேன்.

உன் அண்ணி, என்னோடு பேச ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டாள், ஆனால் திட்டுவதற்கு மட்டும்.

மாப்பிள்ளை, உன்னோடு இங்கே வந்து ஒரு வாரமாவது தங்க வேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்டை அவர் ஆய்வு செய்யக் கூடாது. உறவுக்காரர் வீடு. விருந்தாளியாக மட்டும் ஏறி வரட்டும். கதவைத் திறக்க நான் நிற்பேன். முதல் வார்த்தையை நான் பேசுவேன் என்று அவரிடம் சொல்.

நீ, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து தெருவில் இறங்கி நடக்க வேண்டும். உன் கண்ணுக்கு எது சரியில்லை என்று படுகிறதோ அதைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய், எழுத முடியவில்லை. இனி எழுதலாம். இயக்குநராக இருந்தவள் என்று எங்கேயும் குறிப்பிடாதே. கண்டிப்பாக எழுது. பெயர், முகவரி தெளிவாக இருக்கட்டும். அனுப்பிவிட்டுக் காத்திரு. பதில் வரும்.

அண்ணன்